சந்திரலோகத்து வைத்தியர்

சீனரின் எட்டாம் மாதப் பௌர்ணமியை ஒட்டிப் பெய்ஜிங் நகருக்கு நாம் செல்வோமாயின், கடைகளில் விசித்திரமான களிமண் பொம்மைகளைக் காணலாம். மனித முகம், நிமிர்ந்த முயற்காதுகள், மார்பில் போர்க்கவசம், ஏறி வருவதற்குப் புலி வாகனம். கையில் மட்டும் வாளில்லை. மருந்திடிக்கும் உலக்கையே இருக்கிறது! அந்நகரத்தார் இதனை 'முயல் ஐயா' என்னும் பொருள்படத் 'தூ அர் யே' என்று மரியாதையுடன் அழைக்கின்றனர்.

முன்னொரு காலத்தில் அங்கே கொள்ளைநோய் பரவிற்றாம். சந்திரலோகத்துத் தேவியான சாங்-அ மனமிரங்கித் தன் வெண்முயலை அனுப்பினாளாம். அது வீடுதோறும் சென்று பிணி தீர்த்தது. பொன்னும் பொருளும் கொள்ளாமல், உடுத்த உடையை மட்டும் இரவல் பெற்றது. ஆகையால்தான் இத்தனை வேஷம்!

இம்முயல் நமக்கு அந்நியமன்று. சந்திரனைச் சசாங்கன் என்று நாம் சொல்வதும் அம்முயற்கறையாலேயே. பசித்து வந்த அதிதிக்காகத் தன் உடலையே தீயிலிட்ட முயலின் ஜாதகக் கதையை, 7-ஆம் நூற்றாண்டில் காசிக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங் தம் நூலில் எழுதிச் சென்றார்.

2013-ஆம் ஆண்டில் சீனர் சந்திரனில் இறக்கிய ஊர்திக்கு 'யூத்து' என்று பெயர். மருந்திடிக்கும் முயலின் பெயரே அது. பேரரசர் பலர் கொலுவிருந்த நகரத்தில், குழந்தைகள் இன்றும் கையில் ஏந்துவது கூலி வாங்காத அந்த வைத்தியரின் உருவத்தையே.