தலையில் நான்கு புள்ளிகள்

ஆழ்வார்பேட்டையில் டி.டி.கே. சாலையை ஒட்டிய தெருவில் எங்கள் மையம். இ.இ.ஜி. எடுப்பது என் வேலை. மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்வது கருவிதான். ஆனால் எலக்ட்ரோடுகளை எங்கே ஒட்டுவது என்பதற்கு மண்டை எலும்புதான் ஆதாரம்.

மூக்கு தொடங்கும் பள்ளம் நேசியான். குங்குமம் வைக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, யாருக்கும் தப்பாது. இரு காதுகளுக்கும் முன்னால் உள்ள குழிகளுக்கு, "வாயைத் திறந்து மூடுங்க மாமி" என்றால் போதும். தாடை மூட்டு விரலடியில் அசைந்து இடத்தைக் காட்டிவிடும். பாடுபடுத்துவது பின்மண்டையின் இனியான். ஆண்கள் பலருக்குக் கொட்டைப்பாக்கு போலப் புடைத்திருக்கும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பெரும்பாலும் தட்டை. பிடரியிலிருந்து மேல்நோக்கித் தடவிக்கொண்டே போக வேண்டும். கொண்டையை அவிழ்க்கச் சொல்லத் தயங்கக் கூடாது. இங்கே ஒரு சென்டிமீட்டர் பிசகினால் நடுக்கோட்டில் எல்லாப் புள்ளிகளும் நகர்ந்துவிடும்.

1958-இல் ஹெர்பர்ட் ஜாஸ்பர் வெளியிட்ட 10-20 முறையைத்தான் இன்றும் பின்பற்றுகிறோம். நேசியானிலிருந்து இனியான் வரை 36 செ.மீ. என்றால், 18-இல் உச்சி. இரு முனைகளிலும் 10 விழுக்காடு, அதாவது 3.6 செ.மீ.; இடையில் 20 விழுக்காடாக 7.2 செ.மீ. விழுக்காட்டில் அளப்பதால் கைக்குழந்தையின் தலைக்கும் தாத்தாவின் தலைக்கும் ஒரே கணக்கு. எனக்கு இதைவிட அழகான கணக்கு தெரியாது.

வலிப்பு வந்த குழந்தைக்கு இன்று நான் எடுக்கிறேன். அடுத்த ஆண்டு மதுரையில் வேறொருவர் எடுப்பார். இரண்டையும் மருத்துவர் ஒப்பிட வேண்டுமே! ஒரு பக்கத்து எலக்ட்ரோடுகள் நெருங்கிவிட்டால் அங்கே அலை சிறுத்துத் தெரியும். இல்லாத நோயைத் தேடவைக்கும். அறுவையில் எலும்பு எடுத்த இடத்திலோ அலை பெருத்து வரும். அந்தத் தழும்பை விரலால் கண்டு குறிப்பில் எழுதிவிட வேண்டும்.

டாக்டர் பி. ராமமூர்த்தி 1950-இல் சென்னை பொது மருத்துவமனையில் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கியபோது சி.டி. ஸ்கேன் என்பதே உலகில் இல்லை. வெளியே தெரியும் எலும்பை வைத்தும் உள்ளே இருப்பதைக் கணித்தார்கள். இனியானுக்கு உள்பக்கம் மூளையின் பெரிய ரத்தநாளங்கள் கூடுகின்றன. நெற்றிப்பொட்டில் நான்கு எலும்புகள் சேரும் மெல்லிய இடத்துக்கு அடியில் ஒரு தமனி ஓடுகிறது. அடிபட்டால் ஆபத்தான இடம் அது.

இப்போது எலக்ட்ரோடு பதித்த எலாஸ்டிக் தொப்பிகள் வந்துவிட்டன. நேரம் மிச்சம்தான். ஆனாலும் தொப்பியை மாட்டிய பிறகு டேப்பை வைத்து உச்சிப்புள்ளியைச் சரிபார்க்காமல் நான் பதிவைத் தொடங்குவதில்லை.