வலப்புற வீதியிலே

சொந்த நாட்டிலே இருபது ஆண்டுகள் மோட்டார் வண்டி செலுத்திய ஒருவர், தாம் வண்டி செலுத்துகிறோம் என்பதையே மறந்துவிடுகிறார். கை தானே சக்கரத்தைத் திருப்பும். கால் தானே தடுப்பை மிதிக்கும். மனமோ வீட்டுச் செலவிலும் மகளின் பரீட்சையிலும் உலாவிக்கொண்டிருக்கும். இதனை நாம் திறமை என்கிறோம். அத்திறமையிற் பெரும்பகுதி வெறும் பழக்கமே என்பதை உணர விரும்புவோர், வீதியின் மறுபுறத்திலே வண்டி செலுத்தும் நாடொன்றுக்குச் சென்று பார்த்தல் வேண்டும்.

சென்ற ஆவணி விடுமுறையில் யாமும் எம் மனைவியாரும் நோர்வே நாட்டுக்குச் சென்றிருந்தோம். மனைவியாரின் தம்பியார் ஒஸ்லோ நகரில் நெடுங்காலமாக வாழ்கின்றார். அங்கிருந்து மேற்குக் கரையிலுள்ள பேர்கன் நகர்வரை சென்று, இடையேயுள்ள மலைகளையும், மலைகளினூடே கடல் புகுந்து கிடக்கும் நீண்ட நீர்நிலைகளையும் காண்பது எங்கள் விருப்பம். மைத்துனருக்கோ வேலையில் லீவு இல்லை. யாம் புறப்படுமுன்னரே தொலைபேசியில், “அத்தான், ஒரு காரை வாடகைக்கு எடுத்து நீங்களே ஓடுங்கோ. விதியை அறிந்தவனுக்கு இந்த வீதியில் பயமில்லை” என்றார். எம் மனைவியார் எம் முகத்தைப் பார்த்தார். யாம் விதிகளைப் படிக்க அமர்ந்தோம்.

கொழும்பிலே சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பெற்றுக்கொண்டோம். 1949 ஆம் ஆண்டு ஜெனீவாவில் உருவான வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையே அதற்கு ஆதாரம். அது தனித்துச் செல்லாது. சொந்த நாட்டு அனுமதிப்பத்திரத்தையும் உடன் காட்டல் வேண்டும். வாடகை நிலையத்தார் கடனட்டையில் ஒரு தொகையைப் பிணையாக நிறுத்திவைத்தனர். வண்டியிலே முன்னரே இருந்த கீறல்களையெல்லாம் அவர்கள் முன்னிலையிற் படம் பிடித்துக்கொண்டோம். பிற்காலத்தில் இவ்வாறு செல்லும் இளைஞர் இந்தச் சிறு வேலையைச் சோம்பலினால் விட்டுவிடலாகாது.

சாரதியின் ஆசனம் இடப்பக்கம். கியர்த் தண்டு வலக் கைக்குரியது. இன்னொரு நுட்பமும் உண்டு. எம் நாட்டில் ஓடும் யப்பானிய வண்டிகளிலே திருப்பத்துக்குரிய சைகை விளக்கின் தண்டு சக்கரத்தின் வலப்புறம் இருக்கும். ஐரோப்பிய வண்டிகளில் அது இடப்புறம். பழைய பழக்கத்திற் கையை நீட்டினால், சைகை விளக்குக்குப் பதிலாக மழை துடைப்பான் ஆடத் தொடங்கும். ஆகவே, வீதிக்கு இறங்குமுன் தரிப்பிடத்திலேயே அரைமணி நேரம் சுற்றிச் சுற்றிப் பயின்றோம். பின்னர்ப் புறப்பட்டபோது, வலப்புறத்தே அமர்ந்திருந்த எம் மனைவியார் ஒவ்வொரு திருப்பத்திலும் “வலப்பக்கம், வலப்பக்கம்” என்று மந்திரம்போல ஓதி வந்தார்.

அந்நாட்டு விதிகளில் ஒன்று எம்மைச் சிந்திக்க வைத்தது. பெயர்ப்பலகையோ சைகை விளக்கோ இல்லாத சந்தியில், வலப்புறத்திலிருந்து வரும் வண்டிக்கு வழிவிடல் வேண்டும். அது சிறு ஒழுங்கையிலிருந்து வரினும், எம் வண்டி பெரிதாயினும் இதுவே விதி. பெரியது முந்தும் என்னும் வழக்குக்கு அங்கே இடமில்லை. பகலிலும் முன்விளக்குகளை ஏற்றியே செல்லல் வேண்டும். நகர்ப்புறத்தில் மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியே 80 என்பது பொது எல்லை.

பேர்கனுக்குச் செல்லும் ஈ-16 வீதியிலே லார்டால் சுரங்கம் இருக்கின்றது. அதன் நீளம் 24.5 கிலோமீற்றர், மலையைக் குடைந்து 2000 ஆம் ஆண்டில் திறந்தனர். உள்ளே செல்லச் செல்ல ஒரே சுவர், ஒரே விளக்கு, ஒரே ஒலி. சாரதியின் மனம் மந்தமடைந்து கண் அயருமென்று அதனை அமைத்தோர் முன்னரே எண்ணினர். ஆதலால், ஏறக்குறைய ஆறு கிலோமீற்றருக்கு ஒன்றாக மூன்று பெரிய குகைகளைக் குடைந்து, நீல ஒளியும் அடியில் மஞ்சள் ஒளியும் பாய்ச்சி, விடியற்காலம் போன்ற தோற்றத்தை உண்டாக்கியுள்ளனர். பழகிய மனம் உறங்கும். அதனைத் தட்டியெழுப்புதல் வேண்டும் என்பதைப் பொறியியலாளர் கல்லிலே குடைந்து காட்டியுள்ளனர்.

அயல்நாடான சுவீடன் 1967 செப்தெம்பர் 3 ஆம் நாள் அதிகாலையில், இடப்புறப் போக்குவரத்திலிருந்து வலப்புறத்துக்கு நாடு முழுவதும் மாறிற்று. பெருந்துன்பம் விளையுமென்று அஞ்சினோர் பலர். நிகழ்ந்ததோ வேறு, சில காலம் விபத்துக்கள் குறைந்தன. எல்லோரும் புதியவர்போல விழித்திருந்து செலுத்தியமையே காரணம். புதுமை பழகியபின் விபத்துக்கள் பழைய அளவுக்கே திரும்பின.

பயணத்தின் இரண்டாம் நாள், ஒரு சிற்றூரிலே பாதசாரிக் கடவையை அணுகினோம். புத்தகப் பையுடன் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் கடவையில் அடியெடுத்து வைத்தான். யாம் வண்டியை நிறுத்தினோம். அவன் எங்களை ஏறிட்டும் பாராமல் மெல்ல நடந்து அப்பால் சென்றான். “இஞ்சாருங்கோ, அந்தப் பிள்ளை எங்களைப் பார்க்கவேயில்லை” என்றார் மனைவியார். ஆம், வண்டி நிற்கும் என்பதில் அவனுக்கு ஐயமில்லை. முன்பின் அறியாத அந்நியராகிய எம்மிடம் அவன் தன் உயிரை ஒப்படைத்துச் சென்றான்.

எம் வகுப்பிலே முன்வரிசையில் அமர்ந்திருந்த மாணாக்கன் ஒருவனும், சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு காலைப்பொழுதில் இவ்வாறே மஞ்சட் கடவையில் இறங்கினான். வந்த வண்டி நிற்கவில்லை. அவனுடைய அப்பியாசக் கொப்பியைத் தாயாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தவர் யாமே. நோர்வேச் சிறுவன் மறுபுறம் சேர்ந்த பின்னரும், பின்னால் வண்டி வரும்வரை எம் கால் தடுப்பிலிருந்து எழவில்லை.

எம் நாட்டின் மக்கள்தொகை நோர்வேயினதைப் போல நான்கு மடங்கு; வீதி மரணமோ ஏறக்குறைய இருபது மடங்கு. இலங்கையிலே ஆண்டுதோறும் 2000 க்கு மேற்பட்டோர் வீதியில் மடிகின்றனர். வீதியின் அமைப்பு, வண்டியின் தரம், சட்டத்தின் கண்டிப்பு எனக் காரணங்கள் பல உண்டு. அவற்றைச் சீர்செய்வது அரசினர் கடன். சாரதியின் விழிப்போ எவருடைய ஆணைக்கும் காத்திருக்க வேண்டியதன்று.

அந்நிய நாட்டிலே அபராதத்துக்கு அஞ்சி நாம் கொள்ளும் கவனத்தை, நம் பிள்ளைகள் நடக்கும் வீதியிலே அன்பினாற் கொள்ளலாகாதா? அனுமதிப்பத்திரம் பெறும் வயதை அடைந்துள்ள மாணாக்கர்களுக்கு யாம் கூறுவது இதுவே: நாள்தோறும் செல்லும் வீதியானாலும், அன்றுதான் முதன்முதலாக அதிலே செல்வதாக எண்ணிச் செலுத்துங்கள்.