ஒண்டிக்கடைகள்

சிறிய பதிப்பகங்கள் அனுப்பும் மடல்களை நான் தவறாமல் படிப்பேன். பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். புதிதாக இரண்டு புத்தகம் வந்திருக்கிறது, மூன்றாவது அச்சகத்தில் நிற்கிறது, பழைய தலைப்பு ஒன்றை மறுபடி அச்சடித்திருக்கிறோம், மிச்சப் பிரதிகளைத் தள்ளுபடியில் தருகிறோம், வாங்கிக்கொள்ளுங்கள். விற்பனைக் கடிதம்தான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து "தோட்டத்துக் கீரை கொஞ்சம் மிச்சம் இருக்கு, எடுத்துக்கறீங்களா?" என்று கேட்கிற தொனி அதில் இருக்கும்.

நான் இருப்பது ஏற்காட்டில், ஒண்டிக்கடைப் பக்கம். பெங்களூரு நிறுவனம் ஒன்றுக்கு இங்கே உட்கார்ந்து நிரல் எழுதிக் கொடுக்கிறேன். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்தவர்களுக்கு ஒண்டிக்கடை தெரிந்திருக்கும். எப்போதோ ஒரே ஒரு கடை மட்டும் இருந்திருக்க வேண்டும், பெயர் அப்படித்தான் சொல்கிறது. இன்று சனி, ஞாயிறுகளில் அந்தச் சந்திப்பைக் கடக்கவே பத்து நிமிடம் ஆகிறது.

பெண்கள் எழுதிய, பெண்களை நடுவில் வைத்த மிகைபுனைவுகளை யாரெல்லாம் அச்சுக்குக் கொண்டுவந்தார்கள் என்று கொஞ்ச நாளாகத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதுவும் ஒண்டிக்கடைகளின் வரலாறாகத்தான் இருக்கிறது. ஒருவர் தனியாகக் கடை விரிக்கிறார். கூட்டம் பிறகு வருகிறது, சில சமயம் நூறு வருடம் கழித்து.

*

2024 மே மாதம் யுனெஸ்கோ தனது உலக நினைவகத் திட்டத்தின் ஆசிய-பசிபிக் பட்டியலில் ஒரு சிறுகதையைச் சேர்த்தது. ரொகேயா சகாவத் ஹுசைன் எழுதிய 'சுல்தானாவின் கனவு'. செய்தியைப் பகிர்ந்தவர்கள் வங்கத்தின் பெருமை என்று எழுதினார்கள். சரிதான். இன்றைய வங்கதேசத்தின் ரங்பூர் பக்கம் 1880இல் பிறந்தவர் ரொகேயா. பெண்பிள்ளை ஆங்கிலம் படிக்கக் கூடாது என்றிருந்த வீட்டில், அண்ணனிடம் இரவில் ரகசியமாகக் கற்றுக்கொண்டவர். ஆனால் அந்தக் கதை முதலில் அச்சானது வங்கத்தில் அல்ல. 1905இல், நம்ம மெட்ராஸில்.

கதை எளிமையானது. ஒரு பெண் கண்ணயர்கிறாள். வேறொரு நாட்டில் விழிக்கிறாள். அங்கே பெண்கள் வெளியே, ஆண்கள் வீட்டுக்குள். சமையலும் குழந்தை வளர்ப்பும் ஆண்களின் பொறுப்பு. பெண்களுக்கென்று பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஒன்று மேகத்திலிருந்து நேரடியாகத் தண்ணீர் எடுக்கக் கற்றுக்கொள்கிறது, இன்னொன்று வெயிலைச் சேமிக்கக் கற்றுக்கொள்கிறது. படையெடுத்து வந்த எதிரியை அந்த வெயிலைத் திருப்பியே விரட்டுகிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் ஆபீஸ் வேலை. ஆண்கள் ஏழு மணி நேரம் எடுத்துக்கொண்டதற்குக் காரணமும் கதையிலேயே இருக்கிறது: நேரமெல்லாம் சுருட்டுப் பிடிப்பதில் போய்விடுகிறது, எத்தனை சுருட்டு, ஒன்றுக்கு எவ்வளவு நேரம் என்று கணக்கே போட்டுக் காட்டுகிறார். தினமும் காலையில் பத்து நிமிட மீட்டிங் என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசும் தொழிலில் இருப்பவள் என்பதால், அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன்.

மேகத்திலிருந்து தண்ணீர் எடுக்கும் பகுதியை ஏற்காட்டில் இருந்துகொண்டு படிப்பது வேறு மாதிரி இருக்கிறது. ஜன்னலைத் திறந்து வைத்தால் மேகம் அறைக்குள் வந்துவிடுகிற ஊர் இது. அதே ஊரில் கோடையில் குடத்தோடு நிற்பதும் பெண்கள்தான். தலைக்கு மேலே தண்ணீர் மிதக்கிறது, குழாயில் வருவதில்லை. இதைப் பார்த்துக்கொண்டே இருப்பவளுக்கு ரொகேயாவின் பலூன் கனவாகப் படாது. இன்னும் யாரும் செய்து முடிக்காத வேலையாகத்தான் படும்.

கணவர் பாகல்பூரில் துணை மாஜிஸ்திரேட். அவர் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது பொழுதுபோக எழுதியது இது. திரும்பி வந்தவர் நின்ற நிலையிலேயே முழுவதும் படித்துவிட்டு, இது பயங்கரமான பழிவாங்கல் என்று சொன்னாராம். ஆனாலும் ஊக்கப்படுத்தினார். வீட்டில் ஒருவர் படித்துவிட்டார். அடுத்து யார் அச்சடிப்பது?

அங்கேதான் மெட்ராஸின் கமலா சத்தியநாதன் வருகிறார். தென்னிந்தியாவில் எம்.ஏ. பட்டம் பெற்ற முதல் பெண்களில் ஒருவர். 1901இல் 'தி இந்தியன் லேடீஸ் மேகஸின்' என்ற ஆங்கில மாத இதழைத் தொடங்கினார். இந்தியப் பெண்களுக்காக இந்தியப் பெண் ஒருவர் நடத்திய இதழ். 1906இல் கணவர் சாமுவேல் சத்தியநாதன் இறந்த பிறகும், குழந்தைகளை வளர்த்துக்கொண்டே 1918 வரை இழுத்துப்பிடித்து நடத்தினார். நின்றுபோனதை 1927இல் மறுபடி ஆரம்பித்து 1938 வரை கொண்டுபோனார். இன்று உலகப் பட்டியலில் இருக்கும் ஒரு கதைக்கு முதல் கதவைத் திறந்தது அந்தக் கடைதான். 1905இல் ஒரு பெண் எழுதிய பறக்கும் வண்டிக் கதைக்கு வேறு எந்தக் கதவு திறந்திருக்கும் என்று யோசித்தால், பயமாகத்தான் இருக்கிறது.

தமிழில் இதற்கு இணையாக வை.மு. கோதைநாயகியைச் சொல்லலாம். பள்ளிக்கூடம் போகாதவர். முதல் நாடகத்தைத் தோழிக்குச் சொல்லி எழுத வைத்தவர். 1925இல் 'ஜகன்மோகினி' இதழைத் தன் கைக்குக் கொண்டுவந்து, பிறகு சொந்த அச்சகமே வைத்து, 115 நாவல்கள் எழுதினார். அவர் எழுதியது மிகைபுனைவு அல்ல, குடும்பமும் துப்பறிதலும் சமூகச் சீர்திருத்தமும்தான். ஆனால் என்ன எழுதுவது என்று இன்னொருவரிடம் கேட்க வேண்டாத நிலையைத் தானே உண்டாக்கிக்கொண்டார். அச்சகம் வைத்திருப்பவளுக்கு மட்டும் கிடைக்கும் சுதந்திரம் அது.

*

ஒண்டிக்கடையிலிருந்து கொஞ்ச தூரத்தில் தையல் கடை வைத்திருக்கிற அக்கா ஒருவர் இருக்கிறார். பேரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வயது ஐம்பதுக்கு மேல். சின்ன வயதில் அம்மாவோடு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போனவர். எனக்கு பிளவுஸ் தைத்துக் கொடுக்கும் வழக்கத்தில்தான் பழக்கம். அளவு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் அவர் ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறார் என்பது மூன்றாவது வருடத்தில்தான் தெரிய வந்தது.

கதை இதுதான். பழம் பறிக்கும் பருவத்தில் ஒரு நாள், சேர்வராயன் கோயில் பக்கம் மேகம் கெட்டிப்பட்டுப் போகிறது. கால் வைத்தால் தாங்குகிறது. பறிக்கிற பெண்கள் பையோடு அதன்மேல் ஏறி, தென்கிழக்காக நடந்து கொல்லிமலைக்குப் போகிறார்கள். கொல்லிப்பாவையைக் கூட்டிவரப் போகிறார்கள். பாவை வந்து எடை போடும் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். மேஸ்திரி பையைத் தூக்கித் தராசில் மாட்டும்போது எடை சரியாக இருந்தால் சும்மா இருக்கிறாள். குறைத்துச் சொன்னால் சிரிக்கிறாள். அவ்வளவுதான். அந்தச் சிரிப்பைக் கேட்டவர்களுக்கு என்ன ஆகிறது என்பதுதான் மிச்ச நூற்றிச் சொச்சம் பக்கம்.

கொல்லிப்பாவை சங்கப் பாடல்களில் வருகிறவள். தெய்வம் செய்து வைத்த பாவை, காற்றும் மழையும் இடியும் அவள் அழகைக் குலைக்க முடியாது என்று பாடுகிறார்கள். தலைவியின் அழகுக்கு உவமையாகத் திரும்பத் திரும்ப வருகிறாள். சிரித்து மயக்கி ஆட்களைக் கொல்கிறவள் என்பது பிறகு ஏறிய கதை. இரண்டிலும் அவளைப் பார்க்கிறவன் ஆண். அவளுக்கு என்ன வேலை, என்ன கோபம், எதற்காகச் சிரிக்கிறாள் என்று கேட்டவர் எனக்குத் தெரிந்து இந்தத் தையல் கடை அக்காதான்.

சமவெளியில் இருக்கும் ஒரு பதிப்பாளரிடம் இதைக் கொண்டுபோனார். (ஊர், பேர் தேவையில்லை.) மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார்கள். உங்க வாழ்க்கையை எழுதுங்கம்மா, எஸ்டேட் கஷ்டத்தை எழுதுங்க, உடனே போடலாம், மேகத்துல நடக்கறதெல்லாம் வேண்டாம், குழந்தைங்க கதை மாதிரி ஆயிடும் என்றிருக்கிறார்கள். அக்கா திரும்பி வந்து தையல் மிஷினில் உட்கார்ந்தபடி என்னிடம் கேட்டார்: "ஏங் கண்ணு, நான் அழுதாத்தான் புஸ்தகமா போடுவாங்களாமா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அதன் பின்னால் இருக்கும் வழக்கம் புரிகிறது. மலையிலிருந்து, எஸ்டேட்டிலிருந்து, சேரியிலிருந்து ஒரு பெண் எழுத வந்தால் அவளிடம் சாட்சியம் எதிர்பார்க்கிறோம். பட்டதைச் சொல்ல வேண்டும். கற்பனை செய்வதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். துயரத்தை எழுதுவது தாழ்வு என்று சொல்லவில்லை, அதற்கு இடம் கிடைக்கவே தமிழில் எத்தனை பேர் போராடினார்கள் என்று தெரியும். ஆனால் அது ஒன்றுதான் உனக்கு அனுமதி என்றால், அதுவும் எடையைக் குறைத்துச் சொல்வதுதான்.

*

மிகைபுனைவு நமக்கு அந்நியச் சரக்கு என்று சொல்பவர்களுக்கு மணிமேகலையை நினைவுபடுத்தலாம். வானில் பறக்கவும், வேறு உருவம் எடுக்கவும், பசியைத் தாங்கவும் மந்திரம் பெற்ற பெண். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி கையில். அந்தச் சக்திகளை வைத்துக்கொண்டு அவள் செய்தது பசித்தவர்களுக்குச் சோறு போட்டதும், அரசனிடம் கேட்டுச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றியதும். உ.வே.சா. அதை அச்சில் கொண்டுவந்தது 1898இல், 'சுல்தானாவின் கனவு' வருவதற்கு ஏழு வருடம் முன்பு. நீலகேசியில் பழையனூர் நீலி என்ற பேயே அறம் கேட்டு மனம் மாறி, ஊர் ஊராகப் போய்ப் பல மதத்து ஆசிரியர்களை வாதில் வெல்கிறாள். நம்மிடம் சரக்கு பழையது. அந்தச் சரக்கை ஒரு பெண் எடுத்துத் தன் விருப்பத்துக்கு வெட்டித் தைத்தால், அதை வாங்கிக் காட்சிக்கு வைக்கத்தான் கடை குறைவு.

அப்படி வைத்தவர்கள் இல்லாமல் இல்லை. 1984இல் ஊர்வசி புட்டாலியாவும் ரிது மேனனும் தில்லியில் 'காளி ஃபார் விமன்' பதிப்பகத்தைத் தொடங்கினார்கள். 2003இல் அது இரண்டாகப் பிரிந்தபோது புட்டாலியா நடத்தத் தொடங்கியது 'ஜுபான்'. ஆய்வும் வரலாறும் போட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண்ணியப் பதிப்பகம்தான் வந்தனா சிங்கின் சிறுகதைத் தொகுப்பைக் கொண்டுவந்தது. தலைப்புக் கதையில், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரின் மனைவி ஒரு நாள் காலையில் தான் ஒரு கோள் என்று அறிவிக்கிறாள். கணவருக்கு அவள் எந்தச் சூரியனைச் சுற்றப் போகிறாள் என்பதில் கவலை இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்பதுதான் கவலை. அதே பதிப்பகம் 2012இல் ராமாயணத்திலிருந்து கிளைத்த அறிவியல், மிகைபுனைவுக் கதைகளை வந்தனா சிங்கும் அனில் மேனனும் தொகுக்க வெளியிட்டது.

நமக்குப் பக்கத்திலேயே, சென்னை திருவான்மியூரில், கீதா உல்ஃப் 1994இல் தொடங்கிய தாரா புக்ஸ் இருக்கிறது. 'சுல்தானாவின் கனவு' வெளிவந்து நூறு வருடம் ஆனபோது, 2005இல், அதைப் படங்களோடு மறுபடி போட்டவர்கள் அவர்கள். மெட்ராஸில் பிறந்த புத்தகம் மெட்ராஸுக்கே திரும்பியது. படம் வரைந்தவர் துர்கா பாய், மத்தியப் பிரதேசத்தின் கோண்டு ஓவியர். 2022இல் பத்மஸ்ரீ பெற்றவர். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அவரிடம் அவர்கள் என்ன கேட்டார்கள் என்பது. ஒரு பழங்குடிப் பெண்ணிடம் உன் கஷ்டத்தை வரைந்து கொடு என்று கேட்கவில்லை. வங்காளத்துப் பெண் ஒருத்தி நூறு வருடம் முன்பு கண்ட கனவு நாடு எப்படி இருக்கும், நீ வரை என்றார்கள். அவரும் வரைந்தார்.

அக்காவிடம் அந்தக் கதையை ஒரு மாலையில் சொன்னேன். கத்தரியை நிறுத்தாமலேயே கேட்டார். ஆண்கள்தான் அந்த ஊரில் சமைக்கிறார்கள் என்ற இடத்தில் மட்டும் நிமிர்ந்தார். "அப்ப அந்தம்மா ஒரு வாய் சாப்பிட்டுப் பாத்துட்டு வந்திருக்கலாமில்ல? உப்பு, காரம் எப்படின்னு எழுதியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்." நூற்றுச் சொச்ச வருடத்தில் அந்தக் கதைக்கு எழுதப்பட்ட விமர்சனங்களில் இதையும் சேர்க்கலாம்.

*

தமிழில் இன்று பெண்கள் நடத்தும் பதிப்பகங்கள் இருக்கின்றன. பெண்களின் வரலாறும் அனுபவமும் கட்டுரையும் முன்னெப்போதையும் விட அதிகமாக வருகின்றன. அம்பை போன்றவர்கள் சீதையைக் காட்டுக்குள் வேறு வழியில் நடக்க வைத்துப் பல வருடம் ஆகிறது. ஆனால் பெண்களின் மிகைபுனைவுக்கென்றே, இது என் கடையின் சரக்கு என்று பலகை மாட்டிய ஓர் இடத்தை நான் தமிழில் இன்னும் பார்க்கவில்லை.

அதற்குப் பெரிய முதல் வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. முன்பு ஒரு புத்தகம் என்றால் ஆயிரம் பிரதியாவது அடிக்க வேண்டும், பாதி பரணில் தூங்கும். இன்று டிஜிட்டல் அச்சில் நூறு பிரதி போட்டு, விற்றதும் இன்னொரு நூறு போடலாம். தட்டச்சு, வடிவமைப்பு, கணக்கு எல்லாம் ஒரு மடிக்கணினியில் முடிகிற வேலை. முடியாத வேலை ஒன்றுதான்: மேகத்தின்மேல் பெண்கள் நடந்து போகும் பக்கத்தைப் படித்துவிட்டு, "சரி, அப்புறம்?" என்று கேட்கிற ஓர் ஆசிரியர். கமலா சத்தியநாதன் 1905இல் கேட்டிருக்க வேண்டும். அந்த இருக்கைக்கு மென்பொருள் கிடையாது.

சனிக்கிழமைகளில் நான் அக்காவின் நோட்டைத் தட்டச்சு செய்கிறேன். அளவுகளுக்கு நடுவே கதை ஓடுவதால் சில இடங்களில் குழப்பம். "முப்பத்தாறு, கை பத்து, பாவை எழுந்தாள்" என்று ஒரு வரி இருந்தது, ரொம்ப நேரம் யோசித்தேன். ஒரு சிறிய பதிப்பகத்தில் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி முடிந்ததும் படித்துப் பார்க்கிறோம் என்றிருக்கிறார்கள். அவர்கள் வேண்டாம் என்றால் நூறு பிரதிக்கு என்ன செலவாகும் என்று சேலத்தில் விலை கேட்டு வைத்திருக்கிறேன், என் ஒரு மாத வீட்டு வாடகையைவிடக் கொஞ்சம் அதிகம். கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. முகூர்த்த நேரம், துணி குவிந்து கிடக்கிறது, தை பிறக்கட்டும் தருகிறேன் என்கிறார் அக்கா. பாவை திரும்பிப் போவாளா, எடை போடும் இடத்திலேயே தங்கிவிடுவாளா என்று கேட்டால், அதற்கு மட்டும் பதில் சொல்ல மறுக்கிறார்.