அணில் பேரில் ஒரு மலை

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் ஓர் ஊர்க்காரர் மற்ற ஊரைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால் நடுவில் கடலே கிடக்கிறதோ என்று தோன்றும். வில்லிபுத்தூர்க்காரர்களுக்கு நாங்கள் மில் சங்குக்கு எழுந்து மில் சங்குக்குப் படுக்கிறவர்கள். எங்களுக்கு அவர்கள், ஆடிப்பூரத்துத் தேர் இழுத்த களைப்பு அடுத்த ஆடி வரை தீராதவர்கள். நான் பிறந்தது ராஜபாளையம், அம்மா பிறந்தது வில்லிபுத்தூர். இரண்டு பக்கத்து ஏச்சும் எனக்குப் பழக்கம். இரு ஊருக்கும் சண்டையில்லாத பொதுச்சொத்து ஒன்றே ஒன்று, மேற்கே நிற்கிற மலை.

பழைய ராமநாதபுரம் மாவட்டத்தை 1985இல் மூன்றாகப் பிரித்தபோது இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்குள் வந்தோம். அரசாங்கச் சரித்திரம் இவ்வளவு போதும்.

பெருமைக்குப் பஞ்சமில்லாத ஊர்கள். அரசு முத்திரையில் இருப்பது வில்லிபுத்தூரின் பதினொரு நிலை, 192 அடிக் கோபுரம்தான் என்பார்கள். பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் பக்கம் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய மில்கள். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தை ஆண்ட பி.எஸ். குமாரசாமி ராஜா, ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுத்துணி நெய்கிற சத்திரப்பட்டித் தறிகள், சப்பட்டை மாம்பழம். எங்கள் ஊர் நாய்க்கு 2005இல் தபால்தலையே வெளியிட்டார்கள். இதையெல்லாம் கல்யாண வீட்டுப் பந்தியில் யாரைக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். 'மலையில ஒரு அணில் இருக்காமே' என்று கேட்டுப் பாருங்கள். 'அணிலு எங்கதான் இல்ல?' என்று ரசத்துக்குக் கை நீட்டுவார்கள்.

இது ராமர் தடவிக் கொடுத்த மூன்று கோட்டு அணில் இல்லை. முதுகில் கோடு கிடையாது. மூக்கிலிருந்து வால் நுனி வரை நீட்டி அளந்தால் இரண்டடிக்கு மேல் வரும், அதில் பாதிக்கு மேல் வால். எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். அரசாங்கம் இதைச் சாம்பல் நிற அணில் என்கிறது. எனக்கு நரை அணில் என்பதுதான் பிடிக்கும். பழுப்பு ரோமத்தின் நுனியெல்லாம் வெளுத்து, அறுபது வயது வாத்தியார் தலைமாதிரி இருக்கும். சாம்பல் என்றால் ஒரே நிறம், நரை என்பது கலப்பு. தோப்புக்காரர்களுக்கு இந்த வம்பெல்லாம் இல்லை. அவர்கள் 'மலையணிலு' என்று முடித்துவிடுவார்கள்.

உலகத்தில் இது இருப்பது இரண்டே நாடுகளில்: தென்னிந்தியாவிலும் இலங்கையிலும். 1769இல் தாமஸ் பென்னன்ட் என்ற வேல்ஸ்காரர் இலங்கை அணிலை வைத்துத்தான் இதற்கு முதலில் பெயர் கொடுத்தார். நம் பக்கத்து வகைக்கு அறிவியல் வைத்திருக்கும் மூன்றாம் பெயர் 'தண்டோலேனா'. சிங்களவர் மலை அணிலை 'தண்டுலேனா' என்பார்கள், அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஆக, வில்லிபுத்தூர் மலையடியில் இருக்கிற செண்பகத்தோப்பின் மருத மரத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் பெயர் சிங்களத்தில்! பனியுகத்தில் கடல் இறங்கி, பாக் நீரிணை நடந்து போகிற தரையாக இருந்த நாட்களின் மிச்சம் இந்த உறவு. கடல் ஏறியது, குடும்பம் இரண்டானது. இந்தப் பக்கத்துப் பங்காளிகள் சின்னாறு, காவிரிக்கரைக் காடுகள், சிறுமலை என்று சில இடங்களில் துண்டு துண்டாக நிற்கிறார்கள். நமக்குத் தெரிந்தவரை பெரிய கூட்டங்களில் ஒன்று நம் மலையடிவாரத்தில்.

இந்த மலையைத் தொடர் என்று சொல்லிப் பழகிவிட்டோம். உயிர்களின் கண்ணால் பார்த்தால் இது தீவுக்கூட்டம். உச்சியில் பேய்மலை மொட்டை, 2,000 மீட்டரைத் தாண்டும் கோட்டைமலை. புல் மட்டும் முளைத்து மழித்த தலைபோலத் தெரிவதால் மொட்டை என்று பெயர். அங்கே வரையாடு. உலகில் வேறெங்கும் இல்லை, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பாதியில் மட்டும். 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுக்க 1,303 என்றார்கள். ஒரு மொட்டையிலிருந்து அடுத்த மொட்டைக்குப் போக நடுவிலுள்ள காட்டுக்குள் இறங்க வேண்டும், வரையாட்டுக்கு அது கடல். வடக்கே பாலக்காட்டுக் கணவாய், தெற்கே செங்கோட்டைக் கணவாய் என்று இன்னும் பெரிய கடல்கள். இந்தக் கணவாய்களுக்கு அப்பாலும் இப்பாலும் சோலைக் குருவிகள்கூட வேறு வேறு இனமாகிவிட்டன.

அணிலின் தீவு வேறு மாதிரி. அது மேலே இல்லை. மலையிலிருந்து ஓடை இறங்குகிற இடங்களில், மருது, நாவல், புளி, மா என்று கிளையோடு கிளை பின்னி நிற்கிற பச்சைப் பட்டையில் இருக்கிறது. இரு புறமும் முள்காடும் வெயிலும். ஏ.ஜே.டி. ஜான்சிங் சிவகாசியில் விலங்கியல் கற்பித்துவிட்டுப் பின்னர் நாடறிந்த காட்டுயிர் ஆய்வாளரானவர்; அவரும் ஜஸ்டஸ் ஜோஷ்வாவும் காட்டழகர் கோயில் பள்ளத்தாக்கில் இந்த அணிலின் பின்னால் அலைந்து பார்த்ததில் தெளிவானது இதுதான்: அணிலுக்கு மரம் போதாது, மரங்கள் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். கூடு கட்ட மரம் பார்க்கும்போது, பக்கத்து மரங்களின் கிளைகள் எத்தனை பக்கம் வந்து முட்டுகின்றன என்று பார்த்துத்தான் கட்டும். கழுகு வந்தால் எந்தப் பக்கமும் பாய வழி வேண்டுமே. ஒரு அணிலுக்கு ஒரு வீடு போதாது. ஒன்றுக்கு மேல் கூடு வைத்திருக்கும். பெரும்பாலும் ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி. தரையில் இறங்குவதென்றால் அதற்கு உயிர்ப் பயம். நடுவில் இரண்டு மரம் போனால் அந்த இடைவெளி அதற்குக் கடல்தான்.

அணிலுக்கு எது காடு, எது பட்டா என்று தெரியாது. அடிவாரத்து மாந்தோப்பும் தென்னந்தோப்பும் புளியமரமும் அதன் கணக்கில் ஓடைக்காட்டின் நீட்சி. தாத்தா மலையடியில் ஒரு மாந்தோப்பைக் குத்தகைக்குப் பிடித்திருந்தார். பள்ளி லீவில் அங்கேதான் கிடப்பேன். மத்தியானம் கிளை மேல் குப்புறப் படுத்து, வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு தூங்கும் மலையணிலை முதன்முதலாகக் காட்டியது காவல்காரத் தாத்தா. பழைய துண்டு காயப்போட்டிருப்பதாகத்தான் நினைத்தேன். சாப்பிடும்போது பின்காலால் கிளையைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கி, இரண்டு கையாலும் காயைச் சுழற்றிச் சுழற்றிக் கடிக்கும். பாதி தின்று கீழே போட்டுவிடும். காவல்காரத் தாத்தா கையில் தகர டப்பா இருந்தது, கவணும் இருந்தது. டப்பாவைத் தட்டுவாரே தவிரக் கவணை எடுத்து நான் பார்த்ததில்லை. கேட்டதற்கு, 'விடு பேராண்டி, அவரு கடிச்சுப் போட்டத வச்சுத்தான் காய் முத்திருச்சான்னு எனக்கே தெரியுது' என்றார். அணிலுக்கு 'அவரு'! குத்தகைப் பணத்தில் அவருக்கும் ஒரு பங்கு எழுதாமல் எழுதியிருந்தது.

1988 டிசம்பர் 26இல், சுமார் 485 சதுர கிலோமீட்டர் மலையை அணில் பெயரில் சரணாலயமாக அறிவித்தார்கள். யானையும் சிறுத்தையும் சிங்கவால் குரங்கும் இருக்கிற மலைக்கு ஓர் அணிலின் பெயர். நாட்டில் எத்தனை சரணாலயங்களுக்கு இந்தத் தைரியம் இருக்கிறது? அதனால் அணிலுக்கு மட்டும் நன்மை என்றில்லை. அய்யனார் கோயில் ஆற்றில் தண்ணீர் வந்தால்தான் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்கு வரும், அங்கிருந்து ராஜபாளையத்துக் குழாய்க்கு வரும். காட்டுக்குக் காவல் போட்டது எங்கள் குடத்துக்கும் காவல்.

2021 பிப்ரவரியில் மேகமலையையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள்; நாட்டில் 51ஆவது, தமிழ்நாட்டில் ஐந்தாவது. புலி வரட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் அன்றிலிருந்து அணில் பேச்சு குறைந்துவிட்டது. பேட்டி, படம், பலகை, எல்லாம் புலிக்கு. புலியின் காடு உள்ளே, மேலே. அணிலின் காடு விளிம்பில், வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக. உள்ளே எவ்வளவு காவல் போட்டாலும் வெளியே தோப்பு போனால் அணிலின் தீவு பாதியாகிவிடும்.

போய்க்கொண்டிருக்கிறது. தாத்தாவின் குத்தகைத் தோப்பு இன்று மஞ்சள் கல் நட்ட மனைகள். 'மலைக்காட்சி' என்று விளம்பரம் வைத்து விற்கிறார்கள். அந்த மலைக்கு முன்னால் நின்ற மாமரம் காட்சிக்கு இடைஞ்சலாம். மாவை வெட்டித் தென்னை வைத்த தோப்புகள் வேறு. மாமரம் பக்கத்து மரத்தைக் கட்டிப் பிடிக்கும். வரிசை பிடித்து வைத்த தென்னையிலோ மட்டையோடு மட்டை தொட்டால் உண்டு, ஒன்று பட்டுப்போனால் இல்லை. அணில் இளநீரைக் குடைந்துவிடுகிறது என்று தோட்டக்காரர்கள் புலம்புவது பொய்யில்லை. ஆனால் யானை புகுந்து தென்னையைச் சாய்த்தால் நஷ்ட ஈடு கேட்டு மனு எழுதலாம், அணில் குடைந்த இளநீருக்கு மனு எழுதினால் சிரிப்பார்கள். அந்த நஷ்டத்தைத் தோட்டக்காரன் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்? பிள்ளைகளுக்குச் சம்பளம் கட்ட வேண்டியவனிடம் போய்ப் பல்லுயிர் பேசுவது எளிது. மரத்தை வெட்டாதவனுக்கு வருஷத்துக்கு ஒரு தொகை என்று யாராவது பேசினால் நான் கைதட்டுவேன்.

ஞாயிற்றுக்கிழமை செண்பகத்தோப்புப் பக்கம் போனால் தெரியும். தலைவாழை இலை அளவுக்குப் பிளாஸ்டிக் விரிப்பு, பிரியாணிப் பொட்டலம், உடைந்த பாட்டில், காரில் பாட்டு. அணில் கத்துவது காதில் விழவே இந்தச் சத்தத்தில் வழியில்லை. நல்ல குரல் அதற்கு, தூரத்தில் நின்றாலும் கேட்கும். சென்ற மாதம் போனபோது பையனைத் தோளில் வைத்திருந்த ஒருவர் என்னிடம், 'சார், இங்க புலி எங்க சார் பார்க்கலாம்?' என்றார். தலைக்கு நேர் மேலே, நாவல் மரத்தில் கூடு இருந்தது. காட்டினேன். 'காக்கா கூடா?' என்றார்.

திரும்பி வரும் வழியில், கடைவீதியில் ஒரு சுவர் முழுக்க ஊர்ப் பெருமைகளை வரைந்திருக்கிறார்கள். கோபுரம் உண்டு, தேர் உண்டு, பால்கோவாத் தட்டு உண்டு. கடைசியில் 'எங்கள் ஊர் அணில்' என்று எழுதி ஒரு படம். முதுகில் மூன்று கோடு.