நோபிதாவுக்கு என்ன ஆச்சு?

வில்லாபுரத்தில் எங்கள் தெருவுக்குக் கேபிள்காரர் ஹங்காமா டிவியைக் கொடுத்தபோது எதிர்காலத்திலிருந்து வந்த ஜப்பான் கார்ட்டூன் ரோபோப் பூனை டோரேமான் இந்தியில்தான் பேசினான். தெருவில் ஒருத்தருக்கும் இந்தி தெரியாது. ஆனாலும் சாயங்காலம் டியூஷன் விட்டதும் பெரியப்பா வீட்டில் கால் வைக்க இடமிருக்காது. புரியாத இடத்துக்கெல்லாம் பெரியப்பா மகன் அண்ணன் விளக்கம் சொல்வான். பாதி அவனே இட்டுக்கட்டியது என்று பின்னால்தான் தெரிந்தது.

அப்பத்தாவுக்கு ஒரே ஒரு குறை. "அந்தப் பூனை செருப்பு இல்லாம ஊரெல்லாம் சுத்திட்டு அப்படியே வீட்டுக்குள்ள வருதே, காலைக் கழுவுதா பாரு!" அதன் காலுக்கடியில் சக்கரம் இருக்கிறது என்று அண்ணன் அடித்துவிட்டான். நிஜ விளக்கம் அதைவிடப் பிரமாதம். டோரேமானின் பாதம் தரையில் படுவதே இல்லை, 3 மில்லிமீட்டர் மேலே மிதந்துதான் நடக்கிறான் என்பது அந்தத் தொடரின் கணக்கு.

டோரேமானோடு வாழும் சிறுவன் நோபிதாவின் தெருவில் ஒரு காலி மனை உண்டு. அதில் மூன்று சிமெண்டுக் குழாய்கள் கிடக்கும். எங்கள் தெருமுனையிலும் பாதாளச் சாக்கடைக்கு இறக்கிய குழாய்கள் மாதக்கணக்கில் கிடந்தன. மத்தியான வெயிலிலும் உள்ளே குளுகுளுவென்றிருக்கும். குனிந்து உள்ளே போய்க் கத்தினால் குரல் கனத்து வேறு யாரோ கத்துவதுபோல் கேட்கும். அண்ணன் மேலே ஏறி நின்று நோபிதாவை அடிக்கும் முரட்டுப் பையன் ஜியான் மாதிரி பாட்டுப் பாடுவான், நாங்கள் காதைப் பொத்திக்கொள்வோம். "நம்ம ஏரியாவைப் பார்த்துத்தான்டா வரைஞ்சிருக்காய்ங்க" என்பான். ஹிரோஷி ஃபுஜிமோட்டோ இந்தக் கதையை வரையத் தொடங்கியது 1969 கடைசியில். டோக்கியோ மளமளவென்று வளர்ந்து, புதுக் குடியிருப்புகளுக்கெல்லாம் சாக்கடை பதித்துக்கொண்டிருந்த காலம் அது. அவர் கண்ட குழாய்கள் நாற்பது வருஷம் கழித்து எங்கள் தெருவுக்கு வந்திருந்தன.

நோபிதாவுக்குக் குரல் கொடுப்பது எங்கள் வயதுப் பையன் என்றும் அண்ணன் சத்தியம் செய்தான். ஜப்பானில் 1979 முதல் 2005 வரை அந்தச் சிறுவனாகப் பேசியவர் நொரிகோ ஓஹாரா. டோரேமானாகப் பேசியவர் நொபுயோ ஓயாமா. இருவருமே பெண்கள். நாங்கள் கேட்ட இந்தி டோரேமானும் சோனல் கௌஷல் என்ற பெண்தான். பேச ஆரம்பித்தபோது அவரே பள்ளிக்கூடப் பிள்ளை.

இதையெல்லாம் விடப் பெரிய புரளியை டியூஷனில் ஒரு பையன் கிளப்பினான். நோபிதா ஆஸ்பத்திரியில் கோமாவில் கிடக்கிறானாம், டோரேமான் என்று யாருமே இல்லையாம், எல்லாம் அவன் காணும் கனவாம். அத்தை மகள் அன்று ராத்திரி சோறே உண்ணவில்லை. அது ஜப்பானிலேயே கிளம்பி ஊர் ஊராக வந்த கட்டுக்கதை என்று வளர்ந்த பிறகு படித்தேன்.

டோரேமானும் நோபிதாவும் பிரிவதாக ஃபுஜிமோட்டோ நிஜமாகவே வரைந்த கதை வேறு. டோரேமான் வந்தது ஷோகாகுகான் நிறுவனம் ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனியாக நடத்திய பத்திரிகைகளில். மூன்றாம் வகுப்புப் பத்திரிகையின் 1974 மார்ச் இதழில் டோரேமான் எதிர்காலத்துக்குத் திரும்ப வேண்டிவருகிறது. அவன் நிம்மதியாகப் போகட்டும் என்று நோபிதா உதவி கேட்காமல் ஜியானோடு தனியாக மோதி, அடி வாங்கி வாங்கி எழுந்து நிற்கிறான். விடியும்போது டோரேமான் இல்லை. ஜப்பானில் ஏப்ரலில் பள்ளி திறக்கும். அதே பிள்ளைகள் நான்காம் வகுப்புப் பத்திரிகையைப் பிரித்தால், ஏப்ரல் முட்டாள் தினத்தன்று "டோரேமான் வந்துட்டான்" என்று ஜியான் புளுகி நோபிதாவை ஏமாற்றுகிறான். நோபிதாவிடம் ஒரு மருந்து இருக்கிறது, குடித்தால் வாயில் வருவதெல்லாம் பொய்யாகிவிடும். அதைக் குடித்தவன் "இனி டோரேமான் வரவே மாட்டான்" என்கிறான். வந்துவிடுகிறான்!

அத்தை மகளிடம் போனில் இதைச் சொன்னேன். "அன்னிக்கே தெரிஞ்சிருந்தா அந்தப் பயலை டியூஷன்லயே வச்சு மொத்தியிருப்பேன்டா" என்றாள்.