நடைபாவாடையும் நடைபாதையும்

ஆடி முடிந்து ஆவணி நெருங்கும் நாட்களில் கண்டி நகரத்துக்கு வேறொரு முகம் வந்துவிடும். தலதா வீதியிலும் டி. எஸ். சேனநாயக்க வீதியிலும் உள்ள மேல்மாடி ஜன்னலோர நாற்காலிகள் வெளிநாட்டுப் பயணிகளுக்கு விலை பேசப்படும். காசில்லாதவர்களுக்கு நடைபாதை இருக்கிறது. பாய், பொலித்தீன் விரிப்பு, சோற்றுப் பொதி, தண்ணீர்ப் போத்தல் சகிதம் நண்பகலிலேயே வந்து குந்திவிடுவார்கள். ஒருமுறை இடம் பிடித்தவர் நள்ளிரவு வரை எழும்பக் கூடாது. எழும்பினால் இடம் போய்விடும்.

பேராதனையில் கலைப்பீட மாணவனாக இருந்த காலத்திலும், பிறகு செய்தியாளனாகவும் ஏசல பெரஹராவைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். பத்திரிகை அடையாள அட்டை இருந்தால் விசேட ஆசனம் கிடைக்கும். ஆனால் நடைபாதையில் இருந்து பார்ப்பதையே நான் விரும்பியிருக்கிறேன். புலம்பெயர்ந்து வாழும் நண்பர்களிடம் இதைப்பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரே கேள்விதான் வரும்: “அது அவர்களுடைய விழா அல்லவா, அதில் எங்களுக்கு என்ன?” அந்தக் கேள்விக்கு ஆறுதலாகப் பதில் சொல்ல வேண்டும் என்று நீண்ட நாட்களாக எண்ணியிருந்தேன்.

முதலில் காட்சியைச் சொல்லிவிடுகிறேன். கும்பல் பெரஹரா ஐந்து இரவுகள், ரந்தோலி பெரஹரா ஐந்து இரவுகள், இறுதியில் ஒரு பகல் பெரஹரா. வீதி விளக்குகளை விஞ்சிக்கொண்டு இரும்புக் கூடுகளில் கொப்பரா எரியும். அந்தக் கொப்பரா வாசனைதான் எனக்குப் பெரஹராவின் வாசனை. முன்னால் கசை வீசுவோர் வருவார்கள். சாட்டையின் ஓசை துப்பாக்கிச் சூடு போல் வெடிக்கும். பின்னால் தீப்பந்தம் சுழற்றுவோர், கொடி பிடிப்போர். அதன்பின் முதல் யானைமீது பெரமுணே ரால என்னும் அதிகாரி, கையில் ‘லேகம் மிட்டிய’ எனப்படும் ஏட்டுடன் அமர்ந்து வருவார். எந்தக் காணிக்கு யார் உரியவர், அதற்குக் கைமாறாக அவர் எந்தப் பணியைச் செய்ய வேண்டும் என்பதைக் குறிக்கும் பழைய ஏடு அது. இந்த ஏட்டைப் பற்றிப் பிறகு பேசுவேன்.

உடைகளைப் பற்றிச் சொல்லாமல் பெரஹராவைச் சொல்ல முடியாது. வெஸ் நடனக்காரரின் தலையில் வெள்ளித் தட்டுகளாலான முடி. உடலில் அறுபத்து நான்கு ஆபரணங்கள் என்பது மரபுக் கணக்கு. அந்த முடியை ஒருவன் தலையில் முதன்முதலாகக் கட்டுவதற்கே நல்ல நேரம் பார்த்துச் சடங்கு செய்வார்கள். நிலமேமாரின் உடையோ வேறு வகை. கெஜக்கணக்கான துணியை இடுப்பில் சுற்றிச் சுற்றி, பொன் வேலைப்பாடுள்ள சட்டையும் நாற்கோணத் தொப்பியும் அணிந்து மெல்ல மெல்ல நடப்பார்கள். யானைகளுக்கும் உடை உண்டு. துணிமீது சிறு மின்குமிழ்கள் மினுங்கும். மாளிகைக் கொம்பன் யானை புனித தந்தத்தின் பேழையைச் சுமந்து வரும்போது, அதன் கால் மண்ணில் படாதபடி வெள்ளைத் துணியை விரித்துக்கொண்டே செல்வார்கள். அந்தத் துணிக்குச் சிங்களத்தில் ‘பாவாட’ என்று பெயர். பெரியவர்கள் நடந்து வர விரிக்கும் துணியை ‘நடைபாவாடை’ என்று சொன்ன மொழி நம்முடையது. இன்று நாம் பாவாடையைப் பெண்பிள்ளைகளின் உடையாக மட்டும் ஆக்கிவிட்டு, பழைய பொருளை மறந்துவிட்டோம். கண்டி வீதி அதை மறக்கவில்லை.

சொல்லோடு நின்றுவிடுவதில்லை இந்த உறவு. ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகள் கைதியாக இருந்து தப்பிச் சென்று, 1681இல் இலங்கையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் அவர் பெரஹராவை விரிவாக வர்ணிக்கிறார். ஆனால் அவர் கண்ட ஊர்வலத்தில் புனித தந்தம் இல்லை, தெய்வங்களே இருந்தன. தந்தம் ஊர்வலத்தின் முன்னே வந்தது, 1747 முதல் 1782 வரை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில். 1753இல் சியாம் நாட்டிலிருந்து வந்த உபாலி தேரரும் அவரோடு வந்த பிக்குகளும், பௌத்த நாட்டில் தெய்வங்களுக்கு மட்டும் விழாவா என்று கேட்டதால் மன்னன் தந்தத்தை முதலிடத்தில் வைத்தான் என்பது வழக்கு. அந்த மன்னன் யார்? தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்கர் மரபினன். இன்று சிங்கள பௌத்தத்தின் சிகரம் என்று கொண்டாடப்படும் ஊர்வலத்துக்கு இன்றைய வரிசையை வகுத்தவன் அவனே. அந்த மரபின் கடைசி அரசன் கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815இல் ஆங்கிலேயரிடம் சிக்கி, வேலூரில் சிறையிருந்து 1832இல் மறைந்தான்.

தந்தத்தின் பின்னால் நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்கள் வரும்: நாத, விஷ்ணு, கதிர்காமம், பத்தினி. கதிர்காம தேவாலயத்தின் பகுதியில் காவடி ஆடிக்கொண்டு வருவார்கள். பறைகளின் தாளம் மாறும். நடைபாதையில் இருக்கும் தமிழரின் தலைகள் நிமிரும். அதற்கும் பின்னால், நான்காவதாக, பத்தினி வருவாள். பெண்கள் ஆடிவரும் ஊர்வலம் மரபுப்படி அவளுடையது மட்டுமே. பத்தினி வேறு யாருமல்லள், நம்முடைய கண்ணகி. சேரன் செங்குட்டுவன் எடுத்த பத்தினிக் கோட்டத்து விழாவுக்கு இலங்கைக் கயவாகு மன்னன் வந்திருந்ததாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது. அந்தக் கஜபாகுவே அவளை இலங்கைக்குக் கொண்டுவந்தான் என்று சிங்கள மரபும் கூறுகிறது. இரண்டு மொழிகள் ஒரே கதையைச் சொல்லும் இடங்கள் எங்கள் தீவில் அதிகமில்லை.

மட்டக்களப்பு நண்பர் ஒருவரை ஒருமுறை விழாவின் தொடக்கச் சடங்குக்கு அழைத்துச் சென்றேன். பால் வடியும் மரமொன்றை வெட்டி, துண்டுகளாக்கி, நான்கு தேவாலயங்களிலும் நடுவார்கள். ‘கப்’ நடுதல் என்பது அதன் பெயர். பார்த்துக்கொண்டிருந்த நண்பர், “இது எங்கட கண்ணகை அம்மன் கோவில் கல்யாணக்கால் அல்லவா?” என்றார். அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. விழாவின் முடிவில் கெட்டம்பையில் மகாவலி ஆற்று நீரை வாளால் வட்டமிட்டு வெட்டி, அந்த நீரைக் குடத்தில் எடுப்பார்கள். தீர்த்தம் ஆடிய ஊரில் பிறந்தவனுக்கு அதற்கும் விளக்கம் தேவையில்லை. நீர்வெட்டு முடிந்து திரும்பும் தேவாலய ஊர்வலங்கள் தரித்துச் செல்வது கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலில்.

இத்தனையும் சொன்ன பிறகு, “பார்த்தீர்களா, எல்லோரும் ஒன்றுதான்” என்று முடித்துவிடலாம். அரசியல்வாதிகள் அப்படித்தான் முடிப்பார்கள். என்னால் முடியாது. ஏனெனில் ஊர்வலத்தில் நம் தெய்வங்கள் இருப்பது வேறு, வீதியில் நமக்கு இடமிருப்பது வேறு.

ஐரோப்பாவில் வாழும் வாசகர்களுக்காக ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஸ்பெயினின் மத்தியதரைக் கடற்கரையில் வில்லாஹொயோசா என்ற சுற்றுலா ஊர் உண்டு. 1538இல் வட ஆபிரிக்கக் கடற்கொள்ளையர் தாக்கியதை நினைவுகூர்ந்து, ஒவ்வோர் ஆண்டும் ஜூலை இறுதியில் ஊரார் மூர்களாகவும் கிறிஸ்தவர்களாகவும் வேடம் பூண்டு விழா எடுக்கிறார்கள். இருள் பிரியுமுன் மூர்கள் படகுகளில் வந்து கரையிறங்க, கடற்கரையிலேயே போர் நடக்கும். வீதிகளில் மூர் வேடக்காரர்களின் அணிவகுப்புக்குப் பெருத்த வரவேற்பு. ஆனால் அந்த வலென்சியா நாட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த, மூர்களின் வழிவந்த மக்களை 1609இல் அரசு கப்பலேற்றித் துரத்திவிட்டது. மக்கள் போனார்கள்; அவர்களுடைய தலைப்பாகையும் அங்கியும் விழாவில் தங்கிவிட்டன. வேடத்தை விரும்புவதும் வேடத்துக்குரிய மனிதனை விரும்புவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கண்டியிலும் வீதி யாருடையது என்ற கேள்வி பழையது. கண்டிக்கு அடுத்த கம்பளையில், வாலஹாகொட தேவாலயப் பெரஹரா பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளத்தை நிறுத்த வேண்டும் என்று அதிகாரிகள் 1912இல் நிபந்தனை விதித்தார்கள். தேவாலயத் தரப்பு நீதிமன்றம் சென்றது. 1815ஆம் ஆண்டு கண்டி உடன்படிக்கையை ஆதாரமாகக் காட்டி 1914இல் கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் தேவாலயத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. அதே ஆண்டு மே மாத இறுதியில், வெசாக் இரவில் கண்டி நகரில் தொடங்கிய வன்முறை நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவி முஸ்லிம்களின் உயிரையும் உடைமையையும் அழித்தது. நூற்றாண்டு கழித்து 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பக்கம் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது, பழைய செய்தித்தாளை மீண்டும் அச்சிடுகிறோமோ என்று எனக்குத் தோன்றியது.

தமிழர் தரப்பும் கை கழுவிக்கொள்ள முடியாது. 1998 ஜனவரி 25 அதிகாலை, வெடிமருந்து நிரப்பிய லொறியை விடுதலைப் புலிகள் தலதா மாளிகை வாசலில் வெடிக்கவைத்தார்கள். மாளிகைக்குக் கூப்பிடு தூரத்தில்தான் பத்தினி தேவாலயம் இருக்கிறது. வெடிவைக்கத் திட்டமிட்டவர்களில் ஒருவருக்காவது, கண்ணகியின் வாசலில் வைக்கிறோம் என்ற நினைப்பு வந்திருக்குமா?

அதற்குப் பிந்திய பெரஹரா இரவுகளில் தமிழ் பேசுவோர் குரலைத் தாழ்த்தியே பேசினார்கள். அந்நாட்களில் ஒருநாள், கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த ஒருவர், ஐந்து வயது மகளைத் தோளில் ஏற்றியபடி என் அருகில் நின்றார். வரும் வழியில் சோதனைச் சாவடி ஒன்றில் இரண்டு மணி நேரம் வைத்திருந்தார்களாம். “கடைசி பஸ் போயிருமே, எப்படித் திரும்புவீர்கள்?” என்று கேட்டேன். “நம்ம சாமி வர்றத மட்டும் பாத்துட்டுப் போயிருவோங்க சார்” என்றார். மாளிகை யானை கடந்தது, அவர் கும்பிட்டார். காவடி வந்தபோது மகளை இன்னும் உயர்த்திப் பிடித்தார். அந்தப் பிள்ளை கை தட்டியது. முன்வரிசையில் இருந்த ஒரு சிங்கள அம்மையார் திரும்பிப் பார்த்து, ஒன்றும் பேசாமல், தன் பாயில் சற்று ஒதுங்கி இடம் கொடுத்தார். அன்று இரவு நான் அனுப்பிய செய்தியில் இது இல்லை. செய்தியில் ஜனாதிபதியின் வாழ்த்தும் யானைகளின் எண்ணிக்கையும் இருந்தன.

அந்த மனிதரின் தோட்டத்திலும் வேடமும் வீதியும் உண்டு. மாசியில் காமன் கூத்து நடக்கும். கொழுந்து கூடையும் கவ்வாத்துக் கத்தியும் பிடித்த கைகள் இரதியாகவும் மன்மதனாகவும் மாறி, லயத்துக்கு லயம் ஆடிச் செல்லும். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மன்மதனை எரிப்பார். பார்க்க எந்தச் சுற்றுலாப் பயணியும் வருவதில்லை. நாற்காலிக்கு விலையில்லை. ஆடுகிறவனும் பார்க்கிறவனும் ஒரே லயத்தார்.

இப்போது அந்த யானைமீது வரும் ஏட்டுக்கு வருகிறேன். பெரஹராவில் மேளமடிப்பவர், ஆடுபவர், பந்தம் பிடிப்பவர் எல்லோரும் பரம்பரைக் காணிக்கு ஈடாக அந்தப் பணியைச் செய்து வந்தவர்கள். சாதியும் ஏற்றத்தாழ்வும் நிறைந்த ஏற்பாடு அது. நிலமே நடக்கும் இடத்தில் மேளகாரர் நடக்க முடியாது. அதில் நான் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் அடித்தட்டு மேளகாரரின் கடமைக்கும் காணிக்கும் அந்த ஏட்டில் ஓர் இடம் இருந்தது. அதே மலைகளில் கோப்பியும் தேயிலையும் வளர்த்தவர்களுக்கோ, எந்த ஏட்டிலும் இடமிருக்கவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியோருக்கும் வழி திறக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காணி உரிமை இன்றும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. முருகனுக்கு வீதியில் வழி விட்டவர்கள், காவடி பார்க்க வந்தவருக்கு ஏட்டில் ஒரு வரி விட ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே நண்பர்களின் கேள்விக்கு என் பதில் இதுதான். அது அவர்களுடைய விழா மட்டுமல்ல. அப்படி நாம் சொல்லும்போது, அப்படியே சொல்ல விரும்பும் சிங்களத் தீவிரவாதியின் வாக்குமூலத்தில் நாமும் கையொப்பமிடுகிறோம். நம்முடையதும் என்று சொல்வோம். சொன்ன கையோடு, வீதியிலும் ஏட்டிலும் உரிய இடத்தையும் கேட்போம். ஒன்றை விட்டு மற்றதைச் சொன்னால் இரண்டும் பொய்யாகிவிடும்.

கொரோனா காலத்தில், 2020இலும் 2021இலும், பார்வையாளர் இல்லாமலே பெரஹரா நடந்தது. நடைபாதைகள் வெறிச்சோடிக் கிடக்க, யானைகள் மட்டும் போயின. மைசூரில் பிறந்து, கம்பஹாவிலிருந்து ஆண்டுதோறும் கண்டிக்கு நடந்தே வந்து, பல வருடங்கள் பேழையைச் சுமந்த நெதுங்கமுவ ராஜாவும் 2022 மார்ச்சில் இறந்துவிட்டது. அந்தப் பேழையைச் சுமந்த முதுகும் கடல் கடந்து வந்ததுதான்.

கண்டிக்குப் போகும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேழை சுமந்த யானை கடந்ததும் கூட்டத்தில் பாதி எழுந்துவிடும். வெளிநாட்டவர் வாகனம் தேடிப் போவார்கள். மாடி நாற்காலிகள் காலியாகும். நீங்கள் எழும்ப வேண்டாம். நாத தேவாலயம், விஷ்ணு தேவாலயம், காவடியோடு கதிர்காமம் எல்லாம் போகட்டும். பந்தங்களில் கொப்பரா அணையத் தொடங்கும் நேரத்தில் கண்ணகி வருவாள். அப்போது நடைபாதையில் ஆட்கள் குறைவாகவே இருப்பார்கள், நன்றாகப் பார்க்கலாம்.