மிதவைக்கு மழைக்கால விடுப்பு கிடையாது

அக்டோபர் 24, சேலையூர்

ராத்திரியெல்லாம் மழை. போதாததற்கு மாடித் தொட்டியும் நிரம்பி வழிகிறது. நாட்குறிப்புக்காரர் குடையோடு ஏறிப் பார்த்தால், பால் வால்வின் பந்துக்குள் தண்ணீர் புகுந்து, மிதக்க வேண்டியது கனத்துத் தொங்குகிறது.

அலாஸ்காவிலும் கனடாவிலும் நீர்விமானக்காரர்களுக்கு இதே கவலைதான். ஏரி உறைவதற்கு முன்பே விமானத்தைக் கரையேற்றி, மிதவைகளைக் கழற்றிவிட்டுச் சக்கரமோ பனிச்சறுக்குக் கட்டையோ மாட்டுவார்கள். ஒவ்வொரு மிதவைக்குள்ளும் பல அறைகள்; ஒன்று ஓட்டையானால் மற்றவை தாங்கும். அறை அறையாக நீரை இறைத்து, மூடியைத் திறந்து காயவைக்க வேண்டும். தேங்கிய நீர் உறைந்தால் விரிந்து ரிவெட் வரிசையையே பிளந்துவிடும்.

அக்டோபர் 31

2020-ல் இதே நாளில்தான் குஜராத்தில் சபர்மதிக்கும் கெவாடியாவுக்கும் இடையே நீர்விமானம் ஓடத் தொடங்கியது. மாலத்தீவிலிருந்து வந்த ட்வின் ஆட்டர். நவம்பர் 28-ல் பராமரிப்புக்கென்று மாலத்தீவுக்கே திரும்பிப் போனது. விமானத்தை வரவழைப்பது சுலபம், அதைக் கழுவித் துடைத்து வைக்க ஓர் இடம் வேண்டாமா என்பது நாட்குறிப்புக்காரரின் கட்சி.

நவம்பர் 9, பள்ளிக்கரணை

மிதவையைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் தாம்பரம்–வேளச்சேரி சாலையிலேயே இருக்கிறார்கள். என்.ஐ.ஓ.டி. என்று எல்லோரும் சொல்லும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம்தான் அது. 1996-ல் தொடங்கிய திட்டத்தில் வங்கக்கடலிலும் அரபிக்கடலிலும் மஞ்சள் மிதவைகளை நங்கூரமிட்டு நிறுத்துகிறார்கள். மேலே காற்றும் அழுத்தமும், கீழே 500 மீட்டர் வரை வெப்பமும் உப்பும் அளந்து செயற்கைக்கோள் வழியாக அனுப்புகின்றன.

நங்கூரக் கயிறு எவ்வளவு நீளம் வேண்டும்? கடலின் ஆழத்தைப் பொறுத்தது. 2016 ஜூலை 22-ல் தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து 29 பேரோடு போர்ட் பிளேருக்குப் புறப்பட்டு மறைந்த ஏ.என்.-32 விமானத்தின் சிதைவுகளை, 2024-ல் இதே கழகத்தின் தானியங்கி நீர்மூழ்கி எடுத்த படங்கள்தான் காட்டின. அங்கே ஆழம் சுமார் 3,400 மீட்டர்.

அலாஸ்கா மிதவை குளிர்காலத்தில் ஓய்வெடுக்கும். நம்முடையதற்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பிழைப்பே. புயல் கிளம்பும் நேரத்தில் கொட்டகையில் கிடந்தால் யாருக்கு லாபம்?

நவம்பர் 23, கோவளம்

அலை ஒரு ரப்பர் செருப்பை ஒதுக்கியிருந்தது. அடிப்பக்கம் முழுக்கக் காம்புள்ள கொட்டலசு, கொத்துக் கொத்தாக. சில இன்னும் உயிரோடு, ஓட்டைத் திறந்து இறகு போன்ற கால்களை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டிருந்தன.

ஒற்றைச் செருப்புக்கே இந்தப் பாடு என்றால், மாதக்கணக்கில் கடலில் நிற்கும் மிதவை? உணர்கருவியின் குழாயில் கொட்டலசு குடியேறினால் உப்புக் கணக்கே தப்பாகும். அதனால் கப்பல் போய் எடுத்துவந்து, சுரண்டி, கருவிகளைச் சரிபார்த்து, செம்பு கலந்த வண்ணம் பூசுகிறார்கள்.

இன்னொரு தொல்லையும் உண்டு. மிதவை நிழலில் மீன் கூடும். மீன் கூடினால் படகும் வரும். மிதவையில் படகைக் கட்டுவதால் கருவிகள் உடைகின்றன, கயிறும் அறுகிறது. டீசல் செலவழித்து வந்தவர் மீனை விட்டுப்போக மாட்டார், அதுவும் நியாயமே.

டிசம்பர் 1

2015-ல் இன்றைய தேதியில் பெய்யத் தொடங்கிய மழை, 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. முடிச்சூர்த் தெருக்களில் படகு ஓடியதை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பிளம்பர் மழை விடட்டும் என்கிறார். அதுவரை பந்துக்குப் பதிலாக, மூடி இறுக்கிய காலித் தண்ணீர் பாட்டில் தொட்டியில் மிதக்கிறது.